வியாழன், பன்னிரண்டரை மணி

என் சம்பளச் சீட்டில் நான்
நிர்வாக உதவியாளர், மூன்றாம் நிலை.
பாலங்களின் வயதைக் கணக்கிட்டு
எது எந்த மழைக்குத் தாங்காது என்று சொல்பவள்
என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

மொந்தேவிதேயோவில்,
போக்குவரத்து அமைச்சகத்தின் ஆறாம் மாடியில்
ஒன்பது ஆண்டுகள்
என் பிழைகளை நானே கண்டுபிடித்தேன்,
அல்லது கண்டுபிடிக்கவில்லை.
கேட்க ஆளில்லாத சந்தேகம்
பகலில் கோப்புக்குள் கிடக்கும்.
இரவில் என்னோடு வீட்டுக்கு வரும்.

குடிநீர் வாரியத்து வாஷிங்டன் எச்செவெரி
தொலைபேசியில் வந்ததே ஒரு திட்டலோடுதான்:
"உங்கள் ஆற்று மட்டத்துக்கும் என் ஆற்று மட்டத்துக்கும்
நாற்பது சென்டிமீட்டர் தகராறு.
ஆறு ஒன்றுதானே?"
இரண்டு மணி நேரம் பேசினோம்.
தவறு என்னுடையது.
தவறு செய்து அவ்வளவு நிம்மதி
அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

பிறகு வியாழக்கிழமைகள்.
வானிலைத் துறை இரவல் தந்த நிலவறை,
உடைந்த மழைமானி ஒன்று, பதினோரு நாற்காலி.
ஓய்வூதிய வங்கி நேலிதா பெந்தன்கோர்,
யாருக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று
சராசரியில் அறிந்தவள்; தன்னுடையதைக் கேட்டால் சிரிப்பாள்.
கால்நடைத் துறை மிர்த்தா,
நாட்டின் மாடுகள் அத்தனைக்கும் எண் வைத்திருப்பவள்,
வீட்டுச் சாவியை மட்டும் தேடிக்கொண்டிருப்பாள்.
அர்த்தீகாஸிலிருந்து இரவுப் பேருந்தில்
அறுநூறு கிலோமீட்டர் கடந்து
ஒரே ஒரு கேள்வியோடு வந்தான் அப்பாரிசியோ:
கிடைக்காத அளவைப் பூஜ்யம் என்று எழுதலாமா?
கூடாது என்று அறையே கத்தியபோது
அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.
அவன் மேலதிகாரி நான்கு வருடமாக
எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மாத்தே குடிக்கச் சுரைக்குடுக்கை ஒன்று,
உறிஞ்சுகுழல் ஒன்று, எல்லோருக்கும் அதுவே.
வெந்நீர் ஊற்றுவது வாஷிங்டன்.
எங்கள் ஊர் வழக்கு இது:
குடுக்கையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
எனக்குப் போதும் என்று பொருள்.
அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும்.

யாரும் நன்றி சொல்வதில்லை.

பணியாளர் துறையில் கேட்டார்கள்,
அரசாங்கம் முழுக்க நீங்கள் எத்தனை பேர்?
எண்ணியே பிழைப்பவர்கள்
எங்களை எண்ணியதில்லை.
எண்ணினோம். முப்பத்து நான்கு.
முப்பத்து நான்கு பேருக்கும் சேர்த்து
பத்தொன்பது பதவிப் பெயர்கள்.
ஒருவர் ஆவணப்படி தோட்டக்காரர்.

மேலே போக இருந்தது ஒரே ஏணி:
செய்யும் வேலையை விட்டுவிட்டு
செய்பவர்களை மேய்ப்பது.
நேலிதாவுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு.
அக்டோபரில் பிரிவுத் தலைவி ஆனாள்.
ஒரு வியாழன் வந்தாள். குடுக்கையை வாங்கி
சத்தம் கேட்கும்வரை அடியோடு உறிஞ்சி,
"இன்று பதினேழு விடுப்பு மனுக்களில்
கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.
அப்புறம் "நன்றி" என்றாள்.
வாஷிங்டனின் கை ஒரு கணம் நின்றது.

நாங்கள் எழுதினோம். பதினாறு வரைவுகள்.
பாலத்தைக் கணக்கிடுபவள்
பாலத்தைக் கணக்கிட்டுக்கொண்டே உயரலாம்,
இவ்வளவுதான் சாரம்.
இரண்டு அமைச்சர்கள் மாறினார்கள்.
மூன்றாமவர் கையெழுத்திட்டார்;
படித்துவிட்டா என்று
இன்றும் எங்களுக்குள் விவாதம்.

மார்ச்சில் என் சம்பளச் சீட்டில் புதிய கட்டம்.
அதில் என் தொழிலின் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
தொகை மாறவில்லை.
பிழையைத் திருத்த மனு கொடுக்கவுமில்லை நான்,
இன்னொரு பதினாறு வரைவுக்குத் தெம்பில்லை.

ஏப்ரல். கரையிலிருந்து குளிர்காற்று.
கதவருகே நேலிதா, கோட்டைக் கழற்றாமல்.
இறங்கி வந்தாளா, ஏறி வந்தாளா,
யாரும் கேட்கவில்லை.
இலை அதற்குள் சாரம் இழந்திருந்தது.
வாஷிங்டன் அதைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டான்,
முதல் கசப்பை வழக்கப்படி தானே குடித்தான்.
இரண்டாவதை
என் முறை என்று நான் கை நீட்டும் முன்
கதவுப் பக்கம் நீட்டினான்.