கலவை

ஏப்ரல் பதினொன்று.
பகலில் ஒழுகி இரவில் இறுகும் மாதம்.
மண்சாலையில் என் வண்டி
அச்சு முட்ட இறங்கி, முனகி, ஏறி
ஓனெசிம் டேகிள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.
உருளைக்கிழங்கு வயலுக்கு அந்தப் பக்கம்
செயின்ட் ஜான் ஆறு
பனிப்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தது.

"வடக்குச் சுவர்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ரப்பர் பூட்ஸோடு நிலவறைக்குள் இறங்கினோம்.
கணுக்கால் அளவு தண்ணீர்.
ஜாம் புட்டியின் மூடி ஒன்று
எங்களுக்கு வழிவிட்டு மிதந்து போனது.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.
கல் உதிர்ந்திருந்தது.
காரை உதிரவில்லை.
பல்லெல்லாம் கரைந்த பிறகும்
ஈறு மட்டும் துருத்தி நிற்கிற மாதிரி
கல்லைத் தாண்டி வெளியே நின்றன
சாம்பல் நிற சிமெண்ட் கோடுகள்.
விரல் பட்டாலே மணற்கல்
பொருக்குப் பொருக்காய்க் கையோடு வந்தது.

சொல்லிவிடலாம், பெரிய வித்தை இல்லை:
சுவருக்குள் போன நீர் வெளியே வர வழி கேட்கும்.
சுண்ணாம்பு விடும். சிமெண்ட் விடாது.
போக்கிடம் இல்லாத நீர் கல்லுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.
ராத்திரி உறையும்போது
பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாய்ப் பருக்கும்.
அவ்வளவு போதும்.
ஒரு குளிர்காலத்தில் நாற்பது தடவை, ஐம்பது தடவை,
உறைந்து இளகி, உறைந்து இளகி,
தடவைக்கு ஒரு பொருக்கு.
இரண்டில் ஒன்று தோற்க வேண்டுமென்றால்
அது சாந்தாகத்தான் இருக்க வேண்டும்.
சாந்தைச் சுரண்டி வேறு வைக்கலாம்.

சொல்லவில்லை.
அந்தச் சாந்தைக் குழைத்தவன் நான்.

பதினாறு வருஷத்துக்கு முன், ஓர் ஆகஸ்ட்.
மிஷோ மேஸ்திரியிடம் கையாள். வயது பத்தொன்பது.
ஒன்றுக்கு மூன்று என்றார் அவர்.
நான் ஒன்றுக்கு இரண்டரை போட்டேன்,
கூடுதல் பலம் என்ற நினைப்பில்.
"பாறை மாதிரி நிற்கும்" என்று
இதே மனுஷரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.
நின்றது.
கல்தான் நிற்கவில்லை.

வெளியே வந்து கூரையைப் பார்த்தேன்.
மழைக்குழாய் முழங்கையோடு கழன்று
நேராக அஸ்திவாரத்தின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டேன், கரையேறக் கிடைத்த கட்டை போல.
"இந்தத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும்" என்றேன்.
பொய்யில்லை. பாதி.

சமையலறை மேசையில் கணக்கு எழுதினேன்.
குழாயைப் பத்தடி தள்ளி விட.
மண்ணைச் சரிவாய் இழுத்துவிட.
சிமெண்டைக் கொத்தி எடுக்க, சக்கரம் வைக்காமல், உளியாலேயே.
சுண்ணாம்பு ஜூனில்தான்; உறைபனி அதற்கு ஆகாது.
ஓனெசிமின் மனைவி ஸெலிகா
எனக்குக் காபி ஊற்றிவிட்டு
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இன்னும் இடது கையால்தான் எழுதுகிறாய்" என்றார்.

பேனா நின்றுவிட்டது.

ஓனெசிம் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.
"ஊரில் மேஸ்திரி இல்லாமலா உன்னைக் கூப்பிட்டேன்?
எங்கே ஆழமாய்த் திணித்தாய் என்று
திணித்தவனுக்குத்தானே தெரியும்."
கோபமாய்ச் சொன்ன மாதிரி இல்லை.
சிரித்த மாதிரியும் இல்லை.

கூலியை வெட்டி அடுத்த வரியில் பாதியாய் எழுதினேன்.
அவர் அந்த வெட்டை வெட்டினார்.
"கூலி கூலிதான்.
கெட்டுப்போன கல் உன் செலவு."

மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி
இருவரும் எண்ணினோம்.
அவருக்குப் பதினான்கு. எனக்குப் பதினொன்று.
மூன்று கற்களைப் பற்றி நீரில் நின்றபடி
வெகுநேரம் வாதாடினோம்.
பன்னிரண்டில் முடிந்தது.

வண்டியை எடுத்தபோது மணி ஆறு.
வரும்போது நான் உழுதுவிட்டு வந்த சக்கரத் தடங்கள்
அதற்குள் விளிம்பில் இறுகத் தொடங்கியிருந்தன.