லாபம், இரண்டு, மூன்று

பழைய பேரேட்டில் பாதிக்கு மேல் தாள் மிச்சமிருந்தது.
பிள்ளையார் சுழி போட்டேன்.
கீழே எழுதினேன்: சுருட்டு.

வயிரவன் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது மூன்று,
கண்ணாடித்தாள் சுற்றி, வயிற்றில் சிவப்பு வளையம் போட்டவை.
உறையூரில் நானே இறங்கி வாங்கியது ஒரு கட்டு.
பத்து இருந்தது, கீரைக்கட்டு போல நூலில்.
'யாருக்கும்மா?' என்றார் கடைக்காரர்.
'எனக்கு' என்பதற்குள்
'ஐயா எந்த சைஸ் பிடிப்பாங்க?' என்று போய்விட்டார்.
ஐயா இல்லை.
நடுத்தரம், என்றேன்.

நாற்பத்தேழு வயதில், பள்ளத்தூரில்,
ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர் வரவுசெலவு பார்க்கிறவள்
ஏன் இதைச் சேர்க்கிறேன் என்று எனக்கும் சரியாகத் தெரியாது.
தபால்தலை சும்மா கிடக்கும். நாணயம் கெடாது.
இது மூச்சு விடுகிறது,
தினம் வந்து பார் என்கிறது.

முதல் தப்பு, பெட்டி.
காரைக்குடிப் பழஞ்சாமான் கடையில்
பர்மாத் தேக்கு, பித்தளைக் கொண்டி,
பேரம் பேசி இரண்டாயிரத்து இருநூறு.
யாரோ அதில் முப்பது வருஷம் கற்பூரம் வைத்திருக்கிறார்கள்.
பதினோராம் நாள் திறந்தால்
பினாங்குச் சுருட்டு மூன்றும் பூசை அறை போல மணத்தன.
பேரேட்டில் 'நட்டம்' என்று எழுதவில்லை.
'ஆராதனை' என்று எழுதினேன்.

மீதிப் பத்தும் இப்போது பாத்திரக்கடை பிளாஸ்டிக் டப்பாவில்.
மூடியில் ரப்பர் வளையம், நூற்று அறுபது ரூபாய்,
பார்க்க இட்லிப்பொடி டப்பா மாதிரி. இருக்கட்டும்.

சித்திரை வந்தது.
வளவில் போட்ட ஈரத்துணி ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிற ஊர்.
சுருட்டுக்கோ நூற்றுக்கு அறுபத்தைந்து ஈரம் வேண்டும்;
கூடினால் பூஞ்சை, குறைந்தால் சருகு.
தபாலில் ஈரமானி வந்தது, காசைவிடக் கொஞ்சம் பெரிது.
பாட்டில் மூடியில் கல்லுப்பு, அது சேறாகும் அளவு தண்ணீர்,
மானியோடு சேர்த்துப் பையில் கட்டி ஒரு ராத்திரி.
காலையில் எழுபத்தைந்து காட்ட வேண்டும். உப்பு பொய் சொல்லாது.
எழுபத்தொன்று காட்டியது.
நாலு குறைத்துச் சொல்லும் கணக்கு!
எனக்குப் பழக்கமானதுதான். மனதுக்குள் கூட்டிக்கொள்கிறேன்.

ஆடியில் ஒன்றில் துளை, குண்டூசி முனையளவு.
வண்டு.
பத்தையும் பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள்,
பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில்.
பாண்டியம்மாள் பார்த்துவிட்டாள்.
'கருவாடா?'
'ஆமாம்.'
'நாத்தமே இல்லையே.'

அடுக்கி வைத்திருந்தவரை எனக்கு எதுவும் தெரியவில்லை.
நீளம் தெரியும், விலை தெரியும், எடை கிராம் கணக்கில் தெரியும்.
ருசி?
ஒன்றை அழித்தால்தான் மற்ற ஒன்பதைப் பற்றி எழுதலாம்.

ஐப்பசி. மழை விட்ட சாயங்காலம், கரண்ட் இல்லை.
துளை விழுந்ததை எடுத்துக்கொண்டு
பாக்குவெட்டியோடு மொட்டைமாடிக்குப் போனேன்.
நுனியில் ஒரே கடி. பாக்கைவிட மெத்தென்று விழுந்தது.
ஆறு தீக்குச்சி வீண், ஏழாவதில் பற்றியது.
துளையை நாயனம் போல விரலால் அடைத்துப் பிடித்து
அவசரமாக இழுத்தேன்.
தலை சுற்றி, ஓட்டு வரிசை முழுக்கக் கண்டனூர்ப் பக்கம் சரிந்தது.
ஒரு துண்டு கருப்பட்டி. உட்கார்ந்தேன்.
பிறகு நிமிஷத்துக்கு ஒரு தரம்.
மிளகு. நனைந்த சாக்கு.
பாதியில், வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஒன்று
வந்த வேகத்தில் போனது.
சாம்பல் ஓர் அங்குலம் விழாமல் நின்றது.
யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

பக்கத்து மாடியில் சிகப்பி ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள்.
'என்ன ஆச்சி புகை?'
'கொசுவுக்கு.'
'எங்களுக்கும் ஒண்ணு குடுங்களேன்.'

ராத்திரி விளக்கு வந்ததும் பேரேடு.
பற்றில் எழுதினால் செலவு.
வரவில் எழுத, விரல் வாடை தவிரக் கையில் ஒன்றுமில்லை.
இரண்டு பக்கமும் காலியாக விட்டு
டப்பாவைத் திறந்து எண்ணினேன்,
நெல் அளக்கிறவர்கள் எண்ணுகிற மாதிரி:
லாபம், இரண்டு, மூன்று...
ஒன்பதில் நின்றது.
ஒன்று என்று வாயால் சொல்லவே இல்லை.

மானி அறுபத்தொன்று என்றது.
நாலு கூட்டினேன்.
மூடினேன்.