முப்பத்தேழாம் குச்சி

டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனுக்கு வெளியே
ஞாயிறு காலை ஏழரை.
மும்பையின் சீனத் தடங்கள், ஒருநாள் நடை,
தேநீர் உள்பட.
பணம் கட்டியவர்கள் ஏழு பேர்.
வந்தது ஆறு.
வழிகாட்டி கையில் கொடிக்குப் பதில்
கம்பி முறிந்த மஞ்சள் குடை.

மெய்லின் தாம்.
மசகாவில் பிறந்தவளாம்.
குறுக்கே நிறுத்திய டாக்சிக்காரனை
மராத்தியில் வைது அனுப்பிவிட்டுப்
பட்டியலில் என்னைத் தேடி
"புரானி" என்றாள்.
பூரணி, என்றேன். புரானி, என்றாள் மறுபடி.
இந்தியில் அது பழையவள்.
பழைய இடம் பார்க்க வந்தவளுக்குப்
பொருத்தம்தானே, விட்டுவிட்டேன்.

பாட்கர் தம்பதிக்கு ஏமாற்றம்.
பெருஞ்சுவரை யார் கேட்டார்கள்,
ஒரு டிராகன் தூணாவது வேண்டாமா?
இது வெறும் மாடிவீடு.
கொடியில் யாருடைய பனியனோ சொட்டுகிறது.
மரப்படி ஏறினால்
சிவந்த முகத்தோடு ஒரு போர்வீரர், தெய்வமாகி.
எங்கள் ஊர்க் காவல்சாமிக்கு மீசை.
இவருக்குத் தாடி, தொப்புள் வரைக்கும்.
முன்னால் மூன்று ஆரஞ்சு,
பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்.

மூங்கில் குழலைக் குலுக்கச் சொன்னாள்.
கூண்டும் இல்லை கிளியும் இல்லை,
மண்டியிட்ட நான்தான் கிளி.
ஒரு குச்சி துள்ளி விழுந்தது.
முப்பத்தேழு.
இளஞ்சிவப்புச் சீட்டில்
மேலிருந்து கீழாக எறும்பு வரிசை.

என்ன எழுதியிருக்கிறது?

குடையின் முறிந்த கம்பியை
நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்:
"எனக்குப் படிக்கத் தெரியாது.
அறுபத்திரண்டில் போலீஸ் வந்துபோன இரவு
தாத்தா எல்லாக் காகிதத்தையும் அடுப்பில் போட்டார்.
காலண்டரைக்கூட.
அப்பாவைக் கான்வென்ட்டில் சேர்த்தார்கள்."

கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த
தர்பங்கா ஜிதன் பாஸ்வான்
துடைப்பத்தை நிறுத்தினார்.
பதினாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு
நூறு சீட்டும் அவருக்கு மனப்பாடம்.
"முப்பத்தேழா? பிரயாணம் நல்லது.
யாருக்கும் கடன் கொடுக்காதீங்க."

மதியம் ஆன்டாப் ஹில் பக்கம், மயானம்.
புல் இடுப்பளவு.
குலாஸோ, முன்னாள் துறைமுக பைலட்,
தொப்பியைக் கழற்றி
எந்தக் கப்பலில் எத்தனை தச்சர்கள் என்று தொடங்கினார்;
யாரும் கேட்காததால் நிறுத்திக்கொண்டார்.
ஒரு கல்லில் ஆங்கிலத்தில் 'பல் மருத்துவர்'.
மற்றதெல்லாம் எறும்புகள்.
தன் குடும்பப் பெயர் மட்டும்
படமாகத் தெரியும் அவளுக்கு.
பள்ளிவிடும் நெரிசலில்
தன் பிள்ளையின் பை தெரிகிற மாதிரி
தூரத்திலிருந்தே கண்டுபிடித்துப்
போய் நின்றாள்.
நாங்கள் கொஞ்சம் தள்ளி
கொசு அடித்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து தலை எண்ணினாள்.
ஏழு.
மறுபடி எண்ணினாள், ஏழுதான்.
காவலாளியின் பையன்
எங்கள் வரிசையில் கைகட்டி நின்றிருந்தான்,
அடுத்து எங்கே என்ற முகத்தோடு.

அடுத்து ஷெஸ்வான் தோசை.
"இது எங்களுடையது இல்லை" என்றாள்.
எங்களுடையதும் இல்லை, என்றேன்.
பையன் இரண்டு சாப்பிட்டான்.
பேச்சு வளர்ந்து என் அடுக்களைக்குப் போனது.
அப்பளம் பொரிக்கிறது சீனச்சட்டி.
டீயில் போடுவது சீனி.
சவரம் செய்த தாடையில் என் புருஷன் தேய்ப்பது சீனாக்காரம்.
ஐம்பது வருஷமாகச் சொல்கிறேன்,
ஒருநாளும் காதில் விழுந்ததில்லை எனக்கே.

"எழுது, எழுது" என்றாள் மெய்லின்.
கைப்பையில் வேறு காகிதம் இல்லை.
சீட்டின் பின்பக்கத்தில்
மூன்று சொற்களையும் எழுதிக் கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
"அழகாயிருக்கு. எல்லாம் உருண்டை உருண்டையாக.
அடுத்த வாரம் நகலெடுத்துத் தருகிறேன்."

ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது,
கடன் கொடுத்துவிட்டேன்.

பிளாட்பாரத்தில் மஞ்சள் குடை உயர்ந்தது.
"புரானி!" என்று கத்தினாள்,
கூடவே ஏதோ ஒரு எண்ணையும்.
விரார் வண்டிக்கான அறிவிப்பு அதை விழுங்கிவிட்டது.