எருமை மறம்

மலைச்சாலையை மூடிவிட்டார்கள். காற்று நொடிக்கு இருபத்தாறு மீட்டர்.
பனி வாரும் வண்டியைக் கொட்டகையில் விட்டு வந்த ரங்ன்ஹில்ட்
ஈரக் காலுறையைச் சூடேற்றியின் மேல் போட்டுவிட்டு
இன்னோர் உடம்பை உடுத்த உட்காருகிறாள்.

பேர் க்ரூமா. குள்ளச்சி. அறுபதாம் நிலை.
கதவு மாதிரி ஒரு கேடயம். வாள் பேருக்கு.
அடிப்பது டாங்க்கின் வேலையல்ல, அடிபடுவது.
அதுவும் கணக்காக,
மற்ற நால்வர் மேல் ஒரு துளி தெறிக்காமல்.

கையுறைக் குழியிலிருந்த சிவப்புக் கல்லைப் பெயர்க்கிறாள்.
வலிமைக்கான கல், போன மாதம் ஆசைப்பட்டு வாங்கியது.
அங்கே நீலம் பதிக்கிறாள். உயிர் நாற்பது கூடும்.
நாற்பது என்பது
ஹீலர் ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம்.
தோள்கவசத்தின் நெளிவெடுக்கக் கொல்லனுக்குப் பன்னிரண்டு பொன்.
தைலக் குப்பி இருபது. வறுத்த மீன் பத்து,
தின்றால் ஒரு மணி நேரம் தோல் தடிக்கும்.
நிஜ மீன் அடுப்பில் கருகுகிறது.

ஆட்-ஆன்களில்தான் முதலில் சறுக்கினாள்.
அரக்கனுக்கு யார்மேல் எவ்வளவு கடுப்பு என்று
பட்டை பட்டையாய்க் காட்டும் ஒன்று;
தன் பட்டைதான் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும்.
(வீட்டுக்கும் ஒன்று இருந்தால் தேவலை, என்றாள்,
விவாகரத்துக்கு முந்தைய குளிர்காலத்தில்.)
தன்னை அடிக்கும் மிருகத்தின் பேரைப் பச்சையாகவும்
வேறு யாரையோ அடிப்பதைச் சிவப்பாகவும் எழுதும் ஒன்று.
பாஸ் பாய்வதற்கு நொடி எண்ணுவது.
பைக் குப்பையைத் தானே விற்றுத் தொலைப்பது.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
யார் எதைச் சொன்னாலும் போட்டாள்.
ஒரு நாள் ஸ்கிரீன் முழுக்கப் பட்டைகள், மணிகள், அம்புக்குறிகள்.
டிராகன் எங்கே, என்று கேட்டாள்.

"உன் மூக்குக்கு முன்னால்" என்றாள் இங்வில்ட்,
ஹம்மர்ஃபெஸ்டில் பல் மருத்துவமனைத் தாதி,
ஐந்து பேர் உயிரையும் விரல்நுனியில் வைத்திருப்பவள்.
"வண்டிக் கண்ணாடியில் உறைபனி பிடித்தால் என்ன செய்வாய்?"
சுரண்டுவேன்.
அன்றிரவு பதினொன்றைச் சுரண்டினாள். நான்கு மிஞ்சின.

இன்று அந்த நான்கும் இல்லை.
காலையில் வந்த புதுப்பிப்பு எல்லாவற்றையும் கொன்றுவிட்டது.
நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று
ஹெட்செட்டில் அவள் கேட்டு முடிப்பதற்குள்
ஷெட்டில் அம்பை விட்டுவிட்டான்.
எப்போதும் அவன்தான்.

மூன்று ஓநாய்கள். சிவப்பு எழுத்தில்லை, பச்சை எழுத்தில்லை.
கழுத்துகள் மட்டும் அவன் பக்கம் திரும்புகின்றன.
கழுத்தைப் பார்த்தே இவள் கத்துகிறாள், ஒன்றாம் விசை, சீண்டல்.
ஓநாய்கள் மனம் மாறுகின்றன.
தன் படை பின்னால் சிதறி ஓட
ஒருத்தி மட்டும் நகராமல் நிற்பதற்குத்
தமிழில் ஒரு பேருண்டு, எருமை மறம்.
நார்வேயில் அதற்குப் பேர் செவ்வாய்க்கிழமை.

பாஸ் பாயும் முன் இடது தோளைச் சற்றே தாழ்த்துகிறான்.
இத்தனை மாதம் கடிகாரத்தையே பார்த்திருந்தவளுக்கு
அவனுக்குத் தோள் இருப்பதே இன்றுதான் தெரிகிறது.
கேடயம். தோள். கேடயம்.
இரண்டு சதவீதம் மிச்சமிருக்கையில் எல்லோரும் செத்தார்கள்.
கடைசியாய் இவள்.
இங்வில்ட் சிரிக்கிற சத்தம். மீன் நாற்றம்.

நாலே முக்காலுக்குத் தொலைபேசி. சாலை திறக்கிறது, வரிசையாக மட்டும்.
தடுப்புக் கம்பத்தருகே பதினேழு வண்டிகள்,
ஒரு மீன் லாரி, ஒரு பள்ளிப் பேருந்து.
கத்தியைத் தாழ்த்தி முன்னே போகிறாள்.
வெள்ளை அவள்மேல் வந்து மோதுகிறது.
பின்கண்ணாடியில் விளக்குகளை எண்ணுகிறாள்.
ஆறாவது, பொறுமையில்லாமல், வரிசையை விட்டு விலகப் பார்க்கிறது.

பிரேக் விளக்கை இரண்டு முறை தட்டினாள்.
அது திரும்பி வந்தது.
கையுறைக்குள் ஒரு விரல் மட்டும்
இன்னும் ஒன்றாம் விசையைத் தேடிக்கொண்டிருந்தது.