பால் இல்லாத கள்ளி

குச்சவெளியில் எனக்கு எண்பத்தொரு வீடு,
ஒரு ஐஸ் கம்பனி, பளீலாவின் கருவாட்டு வாடி.
வாடியின் மீட்டர் பின்சுவரில்.
அதற்குப் பின்னால் பாறை,
பிறகு கடல்.

பாறை வெடிப்பில் விரல் தடிப்பில் ஏதோ நின்றது.
நாலு பட்டை. சாம்பல் பூசிய பச்சை.
இலை என்று சொல்ல ஒன்றுமில்லை,
பட்டை ஓரம் நெடுகப் பல்.
ஆடு கடித்த நுனியொன்றை அமுக்கிப் பார்த்தேன்.
பால் வரவில்லை.
வெறும் தண்ணீர், விரலில் ஒட்டவுமில்லை.

பால் இல்லையென்றால் அது கள்ளி இல்லை.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பேராதனைக்குப் படம் அனுப்பினேன்.
மூன்றாம் கிழமை பதில்:
கள்ளிமுளையான் சாதி. இந்தக் கரையில் அரிது.
தண்டு நெடுக ஒவ்வொன்றாய்ப் பூத்தால் ஒரு பேர்,
நுனியில் கொத்தாய்ப் பூத்தால் வேறு பேர்.
பூக்கும்வரை பேர் வைக்க வேண்டாம்.

ஏழு ரீடிங் போனது.

"கள்ளிக்கும் பில் அடிக்கிறீங்களோ தம்பி?"
பளீலா கேட்டா, முழங்கைவரை செதில்.
சொன்னேன்.
பூத்தால் நாறுமாம், செத்த மிருகம் மாதிரி,
ஈயைக் கூப்பிடுவதற்கு.
அவ சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த காகம் எழும்பியது.
"இந்த வாடியில நின்டு
நாத்தத்த வச்சு எதைக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

கண்டுபிடித்தது அவதான்.
ஐப்பசி முதல் மழை விட்ட காலை, போனில்:
"சூரைத் தலைய விட்டுட்டு
ஈயெல்லாம் பாறைக்குப் போகுது. வாங்க."

நுனியில் கொத்து.
உறைந்த இரத்த நிறத்தில், தேசிக்காய் அளவு.
இருபத்திரண்டு பூ எண்ணினேன்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
பேர் கிடைத்த அன்றுதான் கவனித்தேன்,
பாறைக்கு இந்தப் பக்கம்
ஹோட்டல்காரர் அடித்த மஞ்சள் கட்டைகள்.

வெட்டி எடுங்கள் என்றது பேராதனை.
ஒரு சாண். நிழலில் போடுங்கள்.
வெட்டுவாய் தோல் கட்டும்வரை மறந்துவிடுங்கள்.
பிறகுதான் மணல்.

மறக்க எனக்கு வராது.
நாலாம் நாளே நட்டேன். விடியவும் தண்ணீர், பொழுதுபடவும் தண்ணீர்.
மூன்றும் இடுப்பில் கறுத்து
தொட்டதும் கஞ்சியாய்ப் போயின.

பளீலாவிடம் கொடுத்த இரண்டை
அவ எங்கே வைத்தா என்பதே அவவுக்கு ஞாபகமில்லை.
மார்கழிக் கடைசியில், மகனின் பழைய வலையை உதற,
முடிச்சுக்குள்ளிருந்து வெள்ளை வேர்.
தண்ணீர் கேட்காமல், மணல் கேட்காமல்,
நூலைப் பிடித்துக்கொண்டு.

வலையை அறுக்கத்தான் வேண்டியிருந்தது.
கிழிந்த வலைதான்.
என்றாலும் கத்தி வைக்கும்போது
அவ மற்றப் பக்கம் பார்த்தா.

இப்போது உடைந்த மீன்பெட்டியொன்றில்
கடல்மணல், சிப்பித் தூள், இரண்டு தண்டு.
என் ரீடிங் கொப்பியில்:

தை. அலகு 214.
பக்கத்தில் பென்சிலால், முளை 3.
மாசி. அலகு 198. முளை 3.
பங்குனி. மீட்டர் பழுது.
முளை 7.