பதினொரு நாள்

செல்லே நகரம், ஓய்வூதிய அலுவலகம், ஐம்பத்து மூன்று.
நனைந்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்
முன்னாள் ஜெனரல் லின்ட்ஹோர்ஸ்ட்.
கணக்கில் பிசகாம்.

லெப்டினென்ட்டாக வெர்டூனில் ஒரு குளிர்காலம்,
கர்னலாகப் போலந்து,
பிறகு ஒரு டிவிஷன், கழுத்தில் சிலுவை,
எல்லாம் சரி.
விட்டுப்போனது பதினொரு நாள்:
நாற்பத்து நாலு, ஜூலை.

“காய்ச்சல். விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.
அதுவும் சேவைதானே, அம்மணி?”

தட்டச்சில் தாளைச் செருகினேன்.
அந்தப் பதினொரு நாளும்
பாலம் உடைந்த பெரெசினாவின் அக்கரையில்
என் தம்பி ரைன்ஹோல்ட்
யாராவது உத்தரவு தருவார்களென்று
உட்கார்ந்திருந்தான்.

சேர்த்துவிட்டேன்.
மாதம் நாற்பது பென்னிக் கூடும்.

கையெழுத்துப் போட
என் பேனாவைத்தான் கேட்டார்.