நாற்பத்தாறு பொட்டலங்கள்

சனிக்கிழமை ரிக் வண்டி பள்ளிக்குள் நுழைய
வேம்பின் ஒரு கிளையை வெட்ட வேண்டியிருந்தது.
ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக்கு விடுமுறை. வந்துவிட்டார்கள்,
கையில் பிளாஸ்டிக் பைகள், ஸ்கெட்ச் பேனா.
இருபதடிக்கு ஒரு ராடு, ராடுக்கு ஒரு பொட்டலம்:
நான் சொன்னது அவ்வளவுதான்.

ஒன்று, செம்மண்.
இரண்டு, சுக்கான். நாக்கில் வைத்துப் பார்த்தான் மௌலீஸ்
(ரிக் அவன் சித்தப்பாவுடையது).
நான்கில் காக்காப்பொன் மினுங்கியது, அதற்கொரு அடிதடி.
ஆறு, வெங்கச்சாங்கல், ரவைபோல.
எட்டாவது இளஞ்சிவப்பு.
பையைத் தூக்கிப் பிடித்து
அதற்குப் பின்னால் திருச்செங்கோட்டு மலையை
நிறுத்திப் பார்த்தாள் பிரகல்யா.
"டீச்சர், நம்ம கிரவுண்டுக்குக் கீழயும் மலைதான் இருக்குது."
ஆமாம் என்றேன். பல கோடி வருசம் என்றேன்.
யாரும் எண்ணிப் பார்க்காத எண். நானும்தான்.

பதினொன்றில் தூசி அடங்கியது.
புத்ராம் மண்வெட்டியில் ஏந்தி வந்தது சேறு.
கல்லுக்குள் ஒரு மயிரிழை வெடிப்பு,
அதில் எப்போதோ பெய்த மழை.
எல்லாரும் கை நனைத்தார்கள்.
சட்டையில் தெறித்ததைத் தலைமையாசிரியர் துடைக்கவில்லை.

பன்னிரண்டு மறுபடி மாவு.

இன்னும் ஒரு ராடு, என்றார் அவர்.
இன்னும் ஒண்ணே ஒண்ணு.
பைகள் தீர்ந்து மசாலாக் கவர்கள் வந்தன.
முப்பதுக்கு மேல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்,
எழுதிய எண் மட்டுமே வேறு.
பிள்ளைகளின் இமைகளிலும் கல் படிந்திருந்தது.
நாற்பத்தாறில் சித்தப்பா எஞ்சினை அணைத்தார்.
அந்த அமைதியில் பில் புத்தகம் கிழிகிற சத்தம்.

திங்கட்கிழமை சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினோம்.
கரும்பலகைக்கு மேலே தொடங்கி, ஜன்னலைத் தாண்டி,
கதவருகே முடிந்தது பூமி.
பதினொன்று மட்டும் கட்டியாகக் காய்ந்திருந்தது,
யாரோ அழுத்திய விரல் தடத்தோடு.

மாடித் தண்ணீர்க் குழாயை
அந்தக் குழிக்குத் திருப்பினால் என்ன என்று கேட்டான் மௌலீஸ்.
ஒரு எல்போ, இருபதடி பைப், ஜல்லி, கொஞ்சம் மணல்.
விலையை அவனே விசாரித்து வந்திருந்தான்.
வெடிப்பு வரைக்கும் போனால் போதும், என்றான்,
அதுக்குக் கீழ நமக்கு எதுவும் இல்லீங்க டீச்சர்.

நல்ல பாடமாக அங்கேயே மணி அடித்திருக்கலாம்.

பிரகல்யா எழுந்தாள்.
"உங்க வீட்டு போர்ல எத்தன பொட்டலம் டீச்சர்?"

ஆயிரத்து நூற்று நாற்பதை இருபதால் வகுத்தேன்.
ஐம்பத்தேழு, என்றேன்.

கதவைத் தாண்டி, வராந்தாவில்,
இன்னும் எத்தனை ஆணி வேண்டும் என்று
எண்ணத் தொடங்கினார்கள்.